அரசுக்கும் நிரலாளருக்கும் இடையே

கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் கனடாவுக்குள் நுழைந்த பயணிகள் தங்கள் உடல்நிலை விவரங்களை எல்லையில் காகிதப் படிவத்தில் எழுதித் தருவதற்குப் பதிலாகக் கைபேசி வழியே முன்கூட்டியே அனுப்புவதற்காக, 2020 ஏப்ரலில் ‘அரைவ்கேன்’ என்னும் செயலியை அந்நாட்டு எல்லைப் பணிகள் முகமை வெளியிட்டது. சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் டொராண்டோ சென்ற தமிழர்களும் நிரப்பியாக வேண்டியிருந்த இச்செயலியின் முதல் வடிவம் ஏறத்தாழ 80,000 கனடிய டாலரில் உருவானது. கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் கேரன் ஹோகன் 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் அறிக்கை அளித்தபோது, அதற்கான மொத்தச் செலவு சுமார் 5 கோடியே 95 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார். துல்லியமான தொகையை அவராலும் சொல்ல இயலவில்லை. எந்தப் பணம் எந்த வேலைக்காக யாருக்குப் போனது என்பதற்கான ஆவணங்களும் நிதிப் பதிவுகளும் முகமையிடம் அவ்வளவு மோசமான நிலையில் இருந்தன.

செலவு கூடியதை மட்டும் வைத்து முறைகேடு நடந்தது என்று முடிவுகட்டுவது நியாயமாகாது. சுகாதார விதிகள் அடிக்கடி மாறிய காலம் அது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏற்ப மென்பொருளைத் திருத்தவேண்டியிருந்ததால், 2022 அக்டோபர் வரை 177 பதிப்புகள் வெளிவந்தன. தணிக்கை எழுப்பிய கேள்வி வேறு வகையானது. அந்த வேலையைச் செய்தவர்களுக்கும் அதற்குப் பணம் கொடுத்த அரசுக்கும் இடையில் நின்றவர்கள் யார், அவர்கள் எதைச் செய்து பணம் பெற்றார்கள் என்பதே அது.

இச்செயலிக்காக மிக அதிகப் பணம் பெற்ற தனியார் நிறுவனம் ‘ஜிசி ஸ்ட்ராட்டஜீஸ்’. தணிக்கையாளரின் மதிப்பீட்டில் அந்நிறுவனத்துக்குச் சென்ற தொகை 1 கோடியே 91 லட்சம் டாலர். அந்நிறுவனத்தில் இருந்தவர்களோ இரண்டே பேர். அவர்கள் நிரல் எழுதுபவர்கள் அல்லர். அரசுத் துறைக்குத் தேவைப்படும் கணினி வல்லுநர்களைத் தேடிப்பிடித்துக் கொடுப்பதும், அவர்களுடைய வேலைநேரத்துக்கான கட்டணப் பட்டியலை அரசுக்கு அனுப்புவதும், வருகிற பணத்தில் 15 முதல் 30 விழுக்காடு வரை தரகாக எடுத்துக்கொண்டு மீதியை வல்லுநர்களுக்குக் கொடுப்பதுமே தங்கள் தொழில் என்று அதன் பங்குதாரர் கிறிஸ்டியன் ஃபர்த் நாடாளுமன்றக் குழுவின் முன் கூறினார். முறைகேடு எதிலும் தாங்கள் ஈடுபடவில்லை என்பதே அவரது நிலைப்பாடு.

இப்படியொரு தொழில் ஏன் தழைக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, அரசு தொழில்நுட்பச் சேவைகளை வாங்கும் முறையை அறிய வேண்டும். ஒவ்வொரு தேவைக்கும் புதிதாக ஒப்பந்தப்புள்ளி கோருவது காலம் பிடிக்கும் என்பதால், பல நாட்டு அரசுகளைப் போலவே கனடாவும் தகுதிபெற்ற நிறுவனங்களின் நிலையான பட்டியல் ஒன்றை வைத்துள்ளது. துறைகள் அப்பட்டியலில் உள்ளவர்களிடம் மட்டும் விலை கேட்டு வேலையைக் கொடுக்கலாம். பட்டியலில் இடம்பெறுவதற்குப் பாதுகாப்புச் சான்று, முந்தைய அரசுப் பணிகளின் வரலாறு, நூற்றுக்கணக்கான பக்க விண்ணப்பங்களை நிரப்பும் திறன் ஆகியவை வேண்டும். திறமையான நிரலாளர் ஒருவருக்கோ ஐந்தாறு பேர் கொண்ட சிறு நிறுவனத்துக்கோ இவை எளிதில் வாய்ப்பதில்லை. மறுபுறம், அரசுத் துறை நிரந்தரப் பணியாளர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அமர்த்த மாதக்கணக்கில் ஆகிறது. இந்த இரு தடைகளுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் இடைத்தரகர் பிறக்கிறார். அவர் விற்பது தொழில்நுட்பத்தை அன்று. அரசின் வாசலுக்குள் நுழையும் உரிமையை. அந்த வாசலை அவ்வளவு குறுகலாகக் கட்டியது அரசே என்பதால், தரகர் வெளியிலிருந்து வந்து புகுந்தவர் என்று சொல்லிப் பழியை அவர்மேல் மட்டும் போடுவதில் பாதி உண்மையே உள்ளது.

இந்த ஏற்பாட்டுக்கு ஆகும் விலையையும் தணிக்கை கணக்கிட்டது. அரைவ்கேனில் பணியாற்றிய வெளியாட்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 1,090 டாலர் செலவாயிற்று. அதே தகுதியுள்ள அரசுப் பணியாளருக்கு அது 675 டாலர். அவசரம் தணிந்த பிறகும் முகமை வெளியாட்களையே பெரிதும் நம்பியிருந்தது. தரகுக்குச் சொல்லப்படும் வழக்கமான நியாயம், யாருக்கும் தெரியாத திறமையாளர்களைத் தேடிக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்பது. உலகின் நான்கு மாபெரும் கணக்கியல், ஆலோசனை நிறுவனங்களுள் ஒன்றான கேபிஎம்ஜி தொடர்பான தகவல் இந்த நியாயத்தை உடைத்துவிட்டது. அதன் சேவை தேவைப்பட்டபோது, முகமையின் அலுவலர்கள் நேரடியாக ஒப்பந்தம் செய்யாமல் ஜிசி ஸ்ட்ராட்டஜீஸின் வழியாக வரும்படி கேட்டுக்கொண்டனர். ஏறத்தாழ 4 லட்சம் டாலர் மதிப்புள்ள அந்தப் பணியில் இடையில் நின்ற நிறுவனத்துக்குக் கிடைத்தது 84,000 டாலர். கனடா முழுவதும் அலுவலகங்கள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தைத் தேடிக் கண்டுபிடிக்க யாருடைய உதவியும் தேவைப்பட்டிருக்காது.

தரகைவிடக் கவலைக்குரியது நலன் முரண்பாடு. பொதுப்பணி ஒன்றில் முடிவெடுக்கும் அல்லது அந்த முடிவை வடிவமைக்கும் ஒருவருக்கு, அதே முடிவால் சொந்த ஆதாயமும் கிடைக்கக்கூடிய நிலையை இத்தொடர் குறிக்கிறது. ஆதாயம் உண்மையில் பெறப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை, அதற்கு இடம் இருந்தாலே முரண்பாடு உண்டு. 2022 மே மாதம் ஜிசி ஸ்ட்ராட்டஜீஸுக்கு 2.5 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் போட்டி முறையில் வழங்கப்பட்டது. அந்தப் போட்டியில் கலந்துகொள்வோருக்கு இருக்கவேண்டிய தகுதிகள் எவை என்பதை வரையறுக்கும் வேலையில் அந்நிறுவனமே பங்கேற்றிருந்ததற்குத் தலைமைத் தணிக்கையாளர் சான்று கண்டார். தேவையற்ற அளவுக்குக் குறுக்கப்பட்ட அத்தகுதிகள் ஏற்கெனவே பணியில் இருந்த நிறுவனத்துக்கே பெரிதும் சாதகமாக அமைந்தன என்று அரசுக் கொள்முதல் குறைதீர்ப்பாளரும் 2024 ஜனவரியில் தனியே கண்டறிந்தார். விலை கேட்டு அழைப்பு அனுப்பப்பட்ட மற்ற நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்ள, வந்தது ஒரே விலைப்புள்ளி. கேள்வித்தாளைத் தயாரித்தவரே தேர்வும் எழுதினால் மற்ற மாணவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஒப்பந்ததாரர்கள் அளித்த இரவு விருந்துகளுக்கு முகமையின் பணியாளர்கள் சிலர் அழைக்கப்பட்டிருந்தனர். நடத்தை விதிகளின்படி மேலதிகாரிகளிடம் அதைத் தெரிவித்ததற்கான ஆவணம் எதுவும் இல்லை.

நலன் முரண்பாட்டின் இன்னொரு வடிவம், அரசுக்கு விற்பவரே அரசுப் பணியாளராகவும் இருப்பது. அரைவ்கேன் பணிக்காக 79 லட்சம் டாலர் பெற்ற ‘டாலியன்’ என்ற சிறு நிறுவனத்தின் தலைவர் 2023இல் தேசியப் பாதுகாப்புத் துறையில் பணியில் சேர்ந்திருந்தது அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. விதிமீறல் ஏதும் இல்லை என்று அவர் மறுத்தார். துறை அவரைப் பணியிடைநீக்கம் செய்தது. பின்னர் அவரே விலகினார். டாலியன், கனடாவின் பூர்வகுடியினர் நடத்தும் தொழில்களுக்கென ஒதுக்கப்படும் அரசு ஒப்பந்தங்களைப் பெறும் தகுதியுடையதாகப் பதிவுபெற்றிருந்தது. அந்த ஒதுக்கீடு, நூற்றாண்டுகளாக ஒடுக்கப்பட்ட மக்களின் கையில் வேலையும் வருமானமும் சேரவேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்டது. இரண்டு பேர் கொண்ட நிறுவனம் பெரிய நிறுவனம் ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து ஒப்பந்தங்களைப் பெற்று, வேலை வேறெங்கோ நடக்குமானால், அதன் பயன் அம்மக்களைச் சென்றடையும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. இந்த விவகாரம் முழுவதிலும் மிகுந்த மனவருத்தம் தரும் பகுதி இதுவே.

இடையில் உள்ளவர்களின் எண்ணிக்கை கூடக் கூடப் பொறுப்பு கரைந்துபோகிறது. மொன்ட்ரியாலில் இயங்கும் ‘போட்லர்’ என்ற சிறு மென்பொருள் நிறுவனம் எல்லைப் பணிகள் முகமைக்காக வேறொரு திட்டத்தில் பணியாற்ற முன்வந்தபோது, முகமைக்கும் அதற்கும் இடையே மூன்று நிறுவனங்கள் இருந்தன. இந்த அடுக்குகளையும், தங்கள் தகுதிச் சான்றுகள் மாற்றி எழுதப்பட்டன என்ற குற்றச்சாட்டையும் அதன் நிறுவனர்கள் 2022இல் முகமையிடமே எழுத்துமூலம் தெரிவித்தபின்தான் விவகாரம் காவல்துறை வரை சென்றது. வாய்ப்புகளை இழக்க நேரும் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்ன அவர்கள் இல்லாவிட்டால் பல செய்திகள் வெளியே வந்திருக்காது. அரைவ்கேன் ஒப்பந்தங்களைப் பற்றிய குறைதீர்ப்பாளரின் ஆய்வில், வல்லுநர்களின் பெயர் கேட்கப்பட்ட ஒப்பந்தங்களுள் 76 விழுக்காட்டில், ஒப்பந்தப்புள்ளியில் பெயர் காட்டப்பட்ட வல்லுநர்களுள் சிலரோ எல்லோருமோ அந்தப் பணியில் எந்த வேலையும் செய்திருக்கவில்லை. மதிப்பெண் பெறுவதற்காக ஒருவரின் தகுதியைக் காட்டிவிட்டு, வேலைக்கு இன்னொருவரை அனுப்பும் வழக்கம் இது. 2024 மார்ச்சில் பொதுக் கொள்முதல் துறை வெளியிட்ட இன்னொரு கண்டுபிடிப்பு இதே ஓட்டையின் ஆழத்தைக் காட்டியது. மூன்று துணை ஒப்பந்ததாரர்கள், அதாவது முதன்மை ஒப்பந்ததாரரிடமிருந்து வேலையைப் பெற்றவர்கள், 2018 முதல் 2022 வரை 36 அரசு அமைப்புகளில் ஒரே நேரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கட்டணப் பட்டியல்களைக் கொடுத்து ஏறத்தாழ 50 லட்சம் டாலர் பெற்றிருந்தனர். ஒரு துறையின் நேரப்பதிவேட்டை மற்றொரு துறை பார்ப்பதில்லை. இடையில் உள்ள நிறுவனமோ மணிக்கணக்குக் கூடினால் தன் தரகும் கூடும் நிலையில் இருக்கிறது.

இவையெல்லாம் பணக் கணக்கோடு முடிந்துவிடவில்லை. 2022 ஜூன் மாத இறுதியில் வெளியான பதிப்பில் இருந்த பிழையால், தடுப்பூசி போட்டுக்கொண்ட சுமார் 10,000 பயணிகளுக்குத் தனிமைப்படுத்திக்கொள்ளும்படி தவறான ஆணை சென்றது. வெளியிடுமுன் மென்பொருளைச் சோதித்துப் பார்த்ததற்கான பதிவுகள் பல பதிப்புகளுக்கு இல்லை என்று தணிக்கை குறிப்பிட்டது. வாங்குகிற துறைக்குள் தொழில்நுட்பம் அறிந்தவர்கள் போதிய அளவில் இல்லாதபோது, வந்துசேர்ந்த பொருள் சரியானதா என்று கேட்கவும் ஆளில்லாமல் போகிறது.

2024 ஏப்ரல் 17 அன்று ஃபர்த் கனடிய மக்களவையின் வாயிலில் உள்ள கம்பித் தடுப்பருகே நிறுத்தப்பட்டு, நாடாளுமன்றக் குழுவின் கேள்விகளுக்கு உரிய பதில் தராததற்காக அவைத்தலைவரால் கண்டிக்கப்பட்டார். உறுப்பினரோ அரசு அலுவலரோ அல்லாத தனிக் குடிமகன் ஒருவர் அவ்வாறு அழைக்கப்பட்டது 1913க்குப் பிறகு அதுவே முதல் முறை. 1913இல் அழைக்கப்பட்டவரிடமும் அரசு ஒப்பந்தங்களைப் பெறக் கொடுத்த பணம் பற்றியே கேட்கப்பட்டது. 2025 ஜூனில் ஜிசி ஸ்ட்ராட்டஜீஸ் அரசு ஒப்பந்தங்களைப் பெற ஏழாண்டுத் தடை விதிக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் வெளியான தலைமைத் தணிக்கையாளரின் இரண்டாம் அறிக்கை, 2015 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை 31 அரசு அமைப்புகள் அந்நிறுவனத்துக்கு 9 கோடியே 27 லட்சம் டாலர் வரையிலான 106 ஒப்பந்தங்களை அளித்து, 6 கோடியே 45 லட்சம் டாலர் செலுத்தியிருந்ததைக் காட்டியது. ஆராயப்பட்ட ஒப்பந்தங்களுள் 46 விழுக்காட்டில், வேலை முடிந்து கைக்கு வந்தது என்பதற்கான சான்று மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருந்தும் பணம் கொடுக்கப்பட்டிருந்தது.

அந்த இரண்டாம் அறிக்கையில் ஹோகன் புதிய பரிந்துரை எதையும் வைக்கவில்லை. இருக்கிற விதிகளைத் துறைகள் பின்பற்றினால் போதும் என்பது அவரது கருத்து. விதிகளைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் துணை ஒப்பந்தங்களின் அடுக்குகளையும் ஒவ்வொரு அடுக்கிலும் எடுக்கப்படும் தரகையும் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதும், நிரல் எழுதவும் பிறர் எழுதியதை மதிப்பிடவும் தெரிந்தவர்களை அரசு தன் ஊதியப் பட்டியலிலேயே வைத்திருப்பதும் விதியைப் பின்பற்றுவதால் மட்டும் தாமாக நிகழ்ந்துவிடுவதில்லை. ஏழாண்டுத் தடை ஒரு நிறுவனத்தின்மீது விழுந்தது. ஆட்களைத் திரட்டித் தந்து தரகு பெறும் மற்ற நிறுவனங்களிடமிருந்து துறைகள் அதே பட்டியல் முறையில் வல்லுநர்களை வாங்குவதற்கு அந்தத் தடை குறுக்கே நிற்கவில்லை.