மருந்தைக் காத்து விலகும் சிலிக்கான்

சிலிக்கான் என்றதும் கைப்பேசிக்குள் இருக்கும் சில்லுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அடுப்படியில் இருக்கும் கேக் அச்சும் குழந்தையின் பால்புட்டிக் காம்பும் சிலிக்கோனால் ஆனவை. அந்தச் சிலிக்கோனிலும் இதே தனிமம் உண்டு. கடற்கரை மணலிலும் ஜன்னல் கண்ணாடியிலும்கூட உண்டு.

இவற்றைத் தவிர, வெளியே தெரியாத ஒரு வேலையையும் சிலிக்கான் செய்கிறது. மருந்து தயாரிக்கும்போது மூலக்கூறின் ஒரு பகுதியில் போய் ஒட்டிக்கொண்டு அதைக் காக்கிறது. வேலை முடிந்ததும் கழற்றி விடப்படுகிறது. நோயாளியின் கைக்கு வரும் மருந்தில் அது இருப்பதில்லை.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு பக்லிடாக்சல். டாக்சால் என்ற பெயரிலும் அறியப்படும் இந்தக் கீமோதெரபி மருந்து மார்பகம், சினைப்பை, நுரையீரல் புற்றுநோய்களுக்குக் கொடுக்கப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது.

மரத்தைக் கொன்று எடுத்த மருந்து

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் ஆர்தர் பார்க்லே என்ற தாவரவியலாளர் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார். புற்றுநோய்க்கு மருந்தாகும் தாவரங்களைத் தேடும் அரசுத் திட்டத்தில் அது ஒரு மாதிரி. வட கரோலினாவில் மன்ரோ வால், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணி ஆகிய இருவரும் அந்தப் பட்டையிலிருந்து ஒரு புதிய பொருளைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை 1971ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அது புற்றுநோய் உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதை எப்படித் தடுக்கிறது என்பதை 1979ஆம் ஆண்டில் நியூயார்க்கின் சூசன் ஹார்விட்ஸ் குழு கண்டறிந்தது.

மருந்து நல்லது; ஆனால் கிடைத்த அளவு மிகக் குறைவு. 12 கிலோ மரப்பொருளிலிருந்து ஏறக்குறைய அரை கிராம்தான் தேறியது. யூ மிக மெதுவாக வளரும் மரம். பட்டையை உரித்துவிட்டால் அது செத்துப்போகும். மருத்துவச் சோதனைகளில் நல்ல பலன் தெரியத் தெரிய, தேவையும் ஏறியது. நோயாளிகளைக் காப்பதா, பழங்காடுகளையும் அவற்றை நம்பி வாழும் அரிய ஆந்தைகளையும் காப்பதா என்ற வாக்குவாதம் அமெரிக்காவில் எழுந்தது.

இலையில் பாதி மருந்து

விடை பிரான்ஸிலிருந்து வந்தது. ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளில், பக்லிடாக்சலின் நடுப்பகுதியைப் பெரும்பாலும் ஒத்த ஒரு பொருள் தாராளமாக இருந்தது. இலையைக் கத்தரித்தால் மரம் சாகாது, மீண்டும் துளிர்க்கும். அந்தப் பொருளில் இரண்டு மாற்றங்களைச் செய்தால் போதும், பக்லிடாக்சல் ஆகிவிடும். ஓரிடத்தில் சிறிய அசெட்டைல் தொகுதி ஒன்றைச் சேர்க்க வேண்டும். வேறோர் இடத்தில் நீளமான பக்கச் சங்கிலி ஒன்றை இணைக்க வேண்டும்.

சொல்வதற்கு எளிது. ஆனால் அந்தப் பொருளில் நான்கு ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடிதான் ஹைட்ராக்சில். ஆல்கஹாலில் இருப்பதும் இதுவே. நான்கில் ஒன்று மூலையில் ஒடுங்கிக் கிடப்பதால் எளிதில் வினைபுரியாது. எஞ்சிய மூன்றில் 7ஆம் எண் கார்பனில் இருப்பதுதான் முந்திக்கொண்டு வினைபுரியும். வேதியியலாளர்களுக்கு மாற்றம் தேவைப்பட்டதோ 10ஆம், 13ஆம் எண் இடங்களில். எதைச் சேர்த்தாலும் முதலில் 7ஆம் இடம் பிடித்துக்கொள்ளும். அப்படி ஆனால் கிடைப்பது வேறொரு பொருள், மருந்து அல்ல.

கிளந்தான், திரங்கானுவில் பாத்தேக் துணி செய்வதைப் பார்த்தவர்களுக்கு இதற்கான வழி எளிதில் புரியும். சாயம் ஏறக்கூடாத இடத்தில் முதலில் உருக்கிய மெழுகை வைக்கிறார்கள். பிறகு சாயம் ஏற்றுகிறார்கள். கடைசியில் வெந்நீரில் போட்டு மெழுகை நீக்குகிறார்கள். மெழுகு இருந்த இடம் சாயம் படாமல் அப்படியே இருக்கிறது.

1988ஆம் ஆண்டில் ஜான்-நோயல் டெனி, ஆண்ட்ரூ கிரீன், பியர் போட்டியே ஆகியோர் அடங்கிய பிரெஞ்சுக் குழு இதைத்தான் செய்தது. மெழுகுக்குப் பதில் அவர்கள் வைத்தது சிலிக்கான். ஓர் அணு சிலிக்கானும் அதைச் சுற்றி மூன்று எத்தில் கிளைகளும் கொண்ட ‘டிரைஎத்தில்சிலில்’ தொகுதியை 7ஆம் இடத்து ஆக்சிஜனில் மாட்டினார்கள். இப்போது அந்த இடம் மூடிக்கொண்டது. 10ஆம் இடத்தில் அசெட்டைல் சேர்ந்தது. 13ஆம் இடத்தில் பக்கச் சங்கிலி இணைந்தது. கடைசியில் எத்தனாலில் சிறிதளவு ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்து, குளிர்ந்த நிலையில் வைத்துக் காப்பைக் கழற்றினார்கள். மிஞ்சியது பக்லிடாக்சல்.

ஏன் சிலிக்கான்?

சிலிக்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே நெருக்கம் அதிகம். மணலும் கண்ணாடியும் அவ்வளவு உறுதியாக இருப்பதற்கு அந்தப் பிணைப்புதான் காரணம். அதனால் சிலிக்கான் ஹைட்ராக்சிலின் ஆக்சிஜனில் சுலபமாக ஏறிக்கொள்கிறது. ஆனால் ஆக்சிஜனைவிடவும் ஃபுளோரினோடு அதற்கு ஒட்டுதல் அதிகம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கண்ணாடியையே அரிப்பது இதனால்தான். ஆகவே மூலக்கூறின் மற்றப் பகுதிகளைத் தொடாமல் சிலிக்கானை மட்டும் கழற்ற, ஃபுளோரைடு ஒரு சாவி. மென்மையான அமிலம் இன்னொரு சாவி.

காப்பு எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்பதையும் தேவைக்கேற்ப முடிவு செய்யலாம். சிலிக்கானைச் சுற்றியுள்ள மூன்று கிளைகளும் சிறிய மெத்தில்களாக இருந்தால் ஈரம் பட்டாலே அது கழன்றுவிடக்கூடும். 1972ஆம் ஆண்டில் ஹார்வர்டில் இலையஸ் ஜேம்ஸ் கோரியும் வெங்கடேஸ்வரலுவும் ஒரு கிளையை மட்டும் பருமனாக்கினார்கள். அந்தக் காப்பு ஏறக்குறைய 10,000 மடங்கு கூடுதலாகத் தாக்குப்பிடித்தது. இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அது அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது. கோரி 1990ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். பக்லிடாக்சல் கடுமையான அமிலத்தைத் தாங்காது. அதற்கு இடைப்பட்ட உறுதியுள்ள எத்தில் வகை பொருத்தமாக அமைந்தது.

இந்தத் துறையின் முன்னோடி, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பணியாற்றிய ஃபிரெடெரிக் கிப்பிங். கார்பனும் சிலிக்கானும் இணைந்த சேர்மங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த அவரே, 1930களில் ஆற்றிய ஓர் உரையில், இத்துறையில் பெரிய முன்னேற்றம் விரைவில் வரும் என்று நம்பிக்கை இல்லை எனக் கூறினார். சில ஆண்டுகளிலேயே சிலிக்கோன் தொழில் தொடங்கியது. அவருக்குப் பின் வந்தவர்கள் அவரது சேர்மங்களின் உறவினர்களை மருந்து செய்யும் கருவிகளாக்கினார்கள்.

பிழைத்த மரம்

அமெரிக்காவின் ராபர்ட் ஹோல்டன் இந்தத் தயாரிப்பு முறையை மேலும் செம்மைப்படுத்தினார். 1990களின் நடுவில் ஊசியிலையிலிருந்து செய்த பக்லிடாக்சல் நோயாளிகளுக்குக் கிடைத்தது. பட்டைக்காக மரத்தைக் கொல்லும் தேவை ஒழிந்தது. பின்னர், யூ மரத்தின் உயிரணுக்களைத் தொட்டிகளில் வளர்த்து மருந்தை நேரடியாக எடுக்கும் முறையும் வந்தது. இலைவழித் தயாரிப்பு தேவைப்பட்ட காலத்தில் கைகொடுத்தது.

பக்லிடாக்சல் மூலக்கூறில் 47 கார்பன், 51 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 14 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. சிலிக்கான் ஒன்றுகூட இல்லை. எனவே, புற்றுநோய் மருந்துத் தயாரிப்பில் சிலிக்கான் உதவுகிறது என்பதை வைத்து, சிலிக்கா கலந்த சத்து மாத்திரையோ பானமோ புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று யாரேனும் விற்க வந்தால் நம்ப வேண்டாம். இரண்டுக்கும் தொடர்பில்லை.

படிவம் ஐந்திலும் எஸ்டிபிஎம்மிலும் வேதியியல் படிக்கும் பிள்ளைகள், ஹைட்ராக்சில் தொகுதியை மனப்பாடம் செய்து எதற்கு என்று கேட்பது உண்டு. அடுத்த முறை கேட்டால் பாத்தேக் துணியைக் காட்டி இந்த மருந்தின் கதையைச் சொல்லலாம். நான்கு ஹைட்ராக்சில்களில் எதை மூடுவது, எதைத் திறந்து வைப்பது என்று தெரிந்தவர்களால்தான் ஒரு மரத்தை வெட்டாமலே அந்த மருந்தைச் செய்ய முடிந்தது.