ரத்து செய்ய, முதலில் கொடுத்திருக்க வேண்டுமே

உயிரியல் பூங்காவின் அங்கீகாரம் ரத்தானால் மத்திய அரசிடம் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் கெடு. அந்தக் கெடு முடிந்ததும் கூண்டைத் திறந்துவிடுவார்களா, தோட்டத்தையே பூட்டிவிடுவார்களா என்று வாசகர்கள் எழுதிக் கேட்கிறார்கள். இரண்டும் நடக்காது. அங்கீகாரம் ஒரு தரச்சான்று என்பது அதிகாரிகளின் பேச்சு. நடைமுறையில் அது நிபந்தனைகளோடு நீளும் ஒரு தவணை.

கோவை வ.உ.சி. பூங்காவையே பாருங்கள். மாநகராட்சித் தோட்டத்துக்குள் சுமார் நாலரை ஏக்கரில் இயங்கிய விலங்குக் காட்சிசாலையின் அங்கீகாரத்தை மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022-ல் ரத்து செய்தது. சொன்ன காரணங்களில் இடப் பற்றாக்குறையும் ஒன்று. அங்கீகாரம் கொடுத்த நாளில் மட்டும் இடம் தாராளமாக இருந்ததா? 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-ல் சேர்த்த 38எச் பிரிவு, அங்கீகாரம் இல்லாமல் காட்சிசாலை நடத்தக் கூடாது என்கிறது. நிபந்தனை விதித்து அனுமதிக்கவும் வழி வைத்திருக்கிறது. சிக்கல் இந்த வழியில்தான். நிபந்தனை போட்டால் கூண்டைச் சீரமைக்கலாம், மருத்துவரை நியமிக்கலாம். ஊர் நடுவே ஏக்கரை எங்கே போய் வாங்குவது? நகரத் தோட்டத்தின் நிலம் குறையுமே தவிர வளராது. 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கி, பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறிய சென்னை ‘உயிர் காலேஜ்’ அதற்குச் சாட்சி. அந்தப் பார்க் நிலத்தில்தான் மூர் மார்க்கெட்டும் ரிப்பன் மாளிகையும் எழுந்தன. கடைசியில் காட்சிசாலை வண்டலூருக்குப் போனது; அங்கே 1985-ல் திறப்பு விழா.

நெருக்கடியான கூண்டை மூடுவது விலங்குக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் ரத்து உத்தரவு வந்ததும் கூண்டு காலியாகிவிடாது. 38ஐ பிரிவின்படி, விலங்கை வேறொரு காட்சிசாலைக்கு மாற்றுவதானால் அது அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும், ஆணையத்தின் முன் அனுமதியும் வேண்டும். அங்கும் இடம் இருக்க வேண்டும். கோவையின் புள்ளிமான்களைக் காட்டில் விடும் வேலை 2024-லும் நடந்தது. தவணை நீண்ட காலத்தையும் காத்திருந்த காலத்தையும் கூண்டுக்குள் கழித்தவை விலங்குகளே. நிலம் தேறாது என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே மறுக்க வேண்டும். எந்த விலங்கு எங்கே, எப்போது போகும் என்ற அட்டவணை இல்லாமல் ரத்து உத்தரவும் வரக் கூடாது.

மற்ற கேள்விகள்:

விலங்குகளை ஏலம் விடலாமா? விட முடியாது.

தோட்டம் மூடப்படுமா? தேவையில்லை, அங்கீகாரம் காட்சிசாலைக்குத்தான்.

மேல்பட்டாம்பாக்கம் பக்கமிருந்து வண்டலூருக்குப் பள்ளிச் சுற்றுலா எந்த நாளில் போகலாம்? செவ்வாய் வேண்டாம், அங்கே அன்று விடுமுறை.