இடுப்புக்குள் ஒரு ரப்பர் வளையம்

அட்டையிலிருந்து பிரிக்கப்படாத ஜி.ஐ. ஜோ பொம்மைக்குச் சேகரிப்பாளர்கள் மத்தியில் தனி மரியாதை. பிளாஸ்டிக் கூட்டுக்குள் முப்பது வருடமாக யார் கையும் படாமல் நிற்கும் அந்தச் சிப்பாய், நேற்றுத்தான் ஆலையிலிருந்து வந்தவன் போல இருப்பான். ஆசையாகப் பிரித்து உட்கார வைத்தால் மார்பு ஒரு பக்கம், கால்கள் ஒரு பக்கமாகக் கழன்று விழவும் கூடும். வெளியே ஒரு கீறல் இருக்காது. உள்ளே இருந்த ரப்பர் வளையம் இற்றுப் போயிருக்கும், அவ்வளவுதான்.

இந்தியாவில் இந்தச் சிப்பாய்களைத் தயாரித்தது ஃபன்ஸ்கூல். சென்னையின் எம்.ஆர்.எஃப். நிறுவனமும் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-இல் தொடங்கிய நிறுவனம். ஹாஸ்ப்ரோ பயன்படுத்தி முடித்த அச்சுகள் கோவா ஆலைக்கு வந்தன. அச்சு அமெரிக்காவுடையது, வர்ணம் நம்முடையது. ஒரே முகம், ஒரே உடல், ஆனால் அமெரிக்கக் குழந்தை கண்டிராத நிறத்தில் சட்டை. அன்று அலட்சியமாகத் தோன்றிய இந்த வித்தியாசத்துக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்று ஃபன்ஸ்கூல் பொம்மைகளைத் தேடுகிறார்கள்.

எம்.ஆர்.எஃப்.பின் பூர்வீகத்தையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1946-இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் தொடங்கியபோது அது டயர் கம்பெனி அல்ல, குழந்தைகளுக்கான பலூன் செய்யும் சிறு பட்டறை. ரப்பர் பலூனில் ஆரம்பித்த நிறுவனத்தின் பொம்மை ரப்பர் வளையத்தால் தாங்கி நின்றது பொருத்தம்தான்.

ஹாஸ்ப்ரோ 1964-இல் வெளியிட்ட முதல் ஜி.ஐ. ஜோ 12 அங்குல உயரம். ஆண் பிள்ளைகள் 'டால்' வைத்து விளையாட மாட்டார்கள் என்பதால் 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று புதுப் பெயர் சூட்டினார்கள். ஆனால் சுங்க வரி விஷயத்தில் நீதிமன்றம் அசரவில்லை. ஜி.ஐ. ஜோவும் ஒரு 'டால்'தான் என்று 1989-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. தமிழில் இந்த வழக்கே எழுந்திருக்காது. நமக்கு எல்லாமே பொம்மைதான்.

1982-இல் வந்த மூன்றே முக்கால் அங்குலச் சிப்பாய்தான் இந்தியாவுக்கு வந்தவன். அவனுடைய உடற்கூறு எளிமையானது. முதுகும் மார்பும் இரண்டு ஓடுகள். முதுகில் உள்ள ஒரே திருகு அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. கழுத்தும் தோள்களும் ஓடுகளுக்கு நடுவில் சிக்கி நிற்கின்றன. இரண்டு தொடைகளையும் ஓர் உலோகக் கொக்கி இணைக்கிறது. அந்தக் கொக்கியில் மாட்டிய கறுப்பு வளையம் இடுப்புத் துண்டின் துளை வழியாக மேலேறி, மார்புக்குள் இருக்கும் முளையில் மாட்டிக்கொள்கிறது. எலும்பு, தசை, நரம்பு மூன்றும் அந்த வளையமே. சிப்பாய் குனிவதும் திரும்புவதும் மண்டியிடுவதும் அதன் இழுவிசையால்தான்.

இழுபட்ட நிலையிலேயே இருக்கும் ரப்பருக்கு ஆயுள் குறைவு. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அதை அரிக்கின்றன. வெப்பம் அந்த வேலையைத் துரிதப்படுத்துகிறது. விளையாடினாலும் விளையாடாவிட்டாலும் இது நடக்கும். கொல்கத்தா, சென்னை போன்ற ஊர்களின் புழுக்கம் இன்னொரு தீமையும் செய்கிறது: முழங்கை ஆணியும் முதுகுத் திருகும் துருப்பிடிக்கின்றன.

வைத்தியம் சுலபம். பெஹாலா சௌரஸ்தா பக்கம் குழாய்ச் சாமான் விற்கும் கடையில் 'ஓ-ரிங்' என்று கேட்டால் போதும். பழைய வளையம் முழுசாக இருந்தால் அதையே அளவுக்குக் கொண்டுபோவது நல்லது. கடைக்காரர் எந்தக் குழாய்க்கு என்று கேட்பார். பொம்மைக்கு என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். தடித்த வளையம் வாங்கக் கூடாது. அதன் இழுப்பில் இடுப்புத் துண்டு, அதுவும் கால்களுக்கு நடுவே உள்ள மெல்லிய பகுதி, உடைந்துவிடும். மிக மெல்லியது என்றால் சிப்பாய் குடித்தவன் போல் தள்ளாடுவான்.

திருகைக் கழற்றி, பொம்மையைக் குப்புறப் படுக்க வைத்து முதுகு ஓட்டை எடுக்க வேண்டும். தலையும் கைகளும் தனியே வந்துவிடும், பயப்பட வேண்டாம். புது வளையத்தைக் கொக்கியில் மாட்டி, ஒரு நூலைக் கோத்து இடுப்புத் துளை வழியாக மேலே இழுத்து முளையில் மாட்ட வேண்டும். நூல் இல்லாமல் முயன்றால் வளையம் துள்ளிக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். துருப்பிடித்த திருகுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடலாம். அது வளையத்தில் படக் கூடாது, ரப்பர் ஊதிவிடும். கடைசியில் திருகை முறுக்கும்போது கை கொஞ்சம் பதமாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் உள்ள மரை ஒருமுறை போனால் போனதுதான்.

உடைந்த கட்டை விரலுக்கோ விண்ட இடுப்புத் துண்டுக்கோ இப்படி வைத்தியம் கிடையாது. இன்னொரு பொம்மையைப் பலியிட்டு உறுப்பு எடுக்க வேண்டும். அப்படி இரண்டைக் கொண்டு ஒன்றைச் செய்தால் அது அசலா என்ற சச்சரவு இங்கேதான் பிறக்கிறது. வளையத்தை மாற்றுவதைச் சேகரிப்பாளர்கள் பொதுவாகக் குற்றமாக எண்ணுவதில்லை. உறுப்பு மாற்றியதையோ வர்ணம் பூசியதையோ சொல்லாமல் விற்றால் அது மோசடி.

பெஹாலாவில் பிள்ளையார் சுழி போட்ட மாதிரி இதற்கு ஒரு பதில் இருக்கிறது. பரிஷாவில் சாவர்ண ராய் சௌத்ரி குடும்பத்தின் துர்கா பூஜை 1610-இலிருந்து நடப்பதாகச் சொல்கிறார்கள். வங்காளத்தின் பழைய குடும்ப பூஜைகள் பலவற்றில் களிமண் தேவி கரைந்த பிறகு உள்ளிருந்த மரச் சட்டத்தைத் தண்ணீரிலிருந்து மீட்டுவிடுவார்கள். 'காட்டாமோ' என்று பெயர். அடுத்த வருடம் ரத யாத்திரை நாளில் அதற்குப் பூஜை செய்து, அதன்மேல்தான் புது வைக்கோலும் மண்ணும் ஏறும். அங்கே எலும்புக்கூடு அசல், உடல் வருடா வருடம் புதிது. ஜி.ஐ. ஜோ சேகரிப்பாளர்களிடம் உடல் அசல், எலும்புக்கூடு மட்டும் புதிது.

ஹாஸ்ப்ரோவே 2000-களின் தொடக்கத்தில் வளையத்தைக் கைவிட்டு வேறு மூட்டுகளுக்கு மாறியது. ஜப்பானின் வோல்க்ஸ் 2003-இல் வெளியிட்ட 'டால்ஃபி ட்ரீம்' பொம்மையில் மிருதுவான வினைல் தோலுக்குள் பிளாஸ்டிக் எலும்புக்கூடே இருக்கிறது. தோலைச் சூடாக்கி இளக்கி உரித்து உள்மூட்டைச் சரிசெய்ய வேண்டும்.

பழைய ஃபன்ஸ்கூல் சிப்பாயை அட்டையோடு வாங்குகிறவர்கள் வளையத்தின் நிலையைத் தெரிந்துகொள்ள வழியில்லை. பிரித்துப் பார்த்தால் விலை போய்விடும். ஏற்கெனவே பிரிக்கப்பட்டது என்றால், விற்பவரிடம் சிப்பாயை ஒருமுறை உட்கார வைத்துக் காட்டச் சொல்லலாம்.