டிங்கிளில் ஊர் சுற்றப் போகிறவர்கள் அறிய வேண்டியவை

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கெர்ரி கவுன்டியில், அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் தீபகற்பத்தில் இருக்கிறது டிங்கிள். மீன்பிடித் துறைமுகமும் வண்ணம் பூசிய கடைவீதியும் கொண்ட சின்ன ஊர். ரயில் கிடையாது. டிரலீ வரை ரயிலில் வந்து, அங்கிருந்து 275-ஆம் எண் பஸ் ஏற வேண்டும். அதை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு மணிக்கணக்கில் காத்திருக்க நேரலாம். பெருநகரத்தில் ஒரு வண்டி போனால் இன்னொன்று வரும். இங்கே மாற்றுவழி குறைவு. அதனாலேயே சட்டம் எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்பதைக் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

பஸ் தாமதமானால் இழப்பீடு கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 181/2011 விதிமுறைப்படி அந்த உரிமை 250 கி.மீ. அல்லது அதற்கு மேல் ஓடும் தடங்களுக்குத்தான். டிரலீ–டிங்கிள் தூரம் ஏறக்குறைய 50 கி.மீ. ஆகவே விமானம் பிடிக்க வேண்டிய நாளில் கடைசி பஸ்ஸை நம்பி இருக்காதீர்கள். ஆனால் பாகுபாடின்றி நடத்தப்படுவதும், பயணம் பற்றிய தகவல் பெறுவதும் குறுகிய தடங்களிலும் உங்கள் உரிமை. புகாரை மூன்று மாதத்துக்குள் முதலில் பஸ் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் தேசியப் போக்குவரத்து ஆணையத்திடம் போகலாம்.

டாக்ஸிக்கு நாடு முழுவதும் ஒரே உச்சக் கட்டணம்தான். மீட்டருக்கு மேல் கேட்க ஓட்டுநருக்கு உரிமையில்லை. ரசீது தர வேண்டும். 2022 செப்டம்பர் முதல் கார்டு வாங்குவதும் கட்டாயம். கூரைப் பலகையில் உள்ள உரிம எண்ணைக் குறித்துக்கொண்டால் புகார் எளிது. சிற்றூர்களில் ஹாக்னி என்ற வகை வண்டியும் உண்டு. அதற்கு மீட்டரும் இல்லை, கூரைப் பலகையும் இல்லை. ஏறும் முன்பே கட்டணம் பேசி முடித்துவிடுங்கள்.

கார் விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். அங்கும் இடப்பக்கப் போக்குவரத்துதான். சுற்றுலா வந்தவர் செல்லுபடியாகும் இந்திய உரிமத்தை வைத்தே 12 மாதம் வரை ஓட்டலாம். பழகிய பக்கம்தானே என்ற துணிச்சல் இதனாலேயே வந்துவிடுகிறது. டிங்கிளிலிருந்து கிளம்பும் ஸ்லே ஹெட் சாலையில் பல இடங்களில் இரண்டு கார்கள் ஒன்றையொன்று தாண்ட முடியாது. ஒரு பக்கம் கல்சுவர், மறுபக்கம் கீழே கடல். சுற்றுலாப் பேருந்துகள் கடிகாரச் சுற்றாக வரும். எதிர்த்திசையில் போகிறவர் வளைவில் பேருந்துக்கு நேர் எதிரே போய் நின்று, காரைப் பின்னால் எடுக்க வேண்டியிருக்கும். நீங்களும் அதே சுற்றில் போங்கள். ஐரிஷ் மொழி பேசும் பகுதி என்பதால் பல பலகைகளில் ஐரிஷ் மட்டுமே இருக்கும். தலைகீழ் முக்கோணத்தில் என்ன எழுதியிருந்தாலும் வழிவிட வேண்டும் என்று கொள்ளுங்கள். ஊரக உள்ளூர்ச் சாலைகளில் பொதுவான வேக வரம்பு 2025 பிப்ரவரி 7 முதல் 80-லிருந்து 60 கி.மீ. ஆகிவிட்டது.

வாடகைக் காரின் அடிப்படைக் காப்பீட்டில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி பெரும்பாலும் சேராது. இந்தக் கல்சுவர்ச் சாலைகளில் அடிபடுபவையும் அவைதான். ஒப்பந்தத்தில் அந்தப் பகுதியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சாவி வாங்கும்போதும் திருப்பித் தரும்போதும் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

நடக்கிறவர்களுக்கு ஒன்று. அயர்லாந்தில் தனியார் நிலத்தில் நடக்கப் பொது உரிமை கிடையாது. மஞ்சள் நிற நடக்கும் மனித உருவம் போட்ட நடைபாதைகள்கூடப் பல இடங்களில் நிலக்காரர்களின் இசைவில் ஓடுகின்றன. 1995-ஆம் ஆண்டின் சட்டப்படி, பொழுதுபோக்காக நடந்து விழுந்தவர் நிலக்காரர்மீது வழக்குப் போட்டு வெல்வது கடினம். அவர் வேண்டுமென்றே தீங்கு செய்ததாகவோ, ஆபத்து தெரிந்தும் கொஞ்சமும் பொருட்படுத்தாமல் விட்டதாகவோ காட்ட வேண்டும்.

கூமினோல் கடற்கரை அழகில் மயங்கி நீந்த இறங்காதீர்கள். அங்கே நீரோட்டம் பலமானது. பிளாஸ்கெட் தீவுகளுக்குப் படகு ஏறும் முன், எத்தனை பேர் ஏறலாம் என்று குறித்த உரிமச் சான்று பார்வையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏற வேண்டாம்.

நிறத்தையோ நாட்டையோ காட்டி ஒரு வண்டியோ விடுதியோ உங்களை மறுத்தால், பொறுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். சமநிலைச் சட்டப்படி இரண்டு மாதத்துக்குள் அவர்களுக்கு எழுத்தில் தெரிவித்து, ஆறு மாதத்துக்குள் பணியிட உறவுகள் ஆணையத்திடம் முறையிடலாம், அதற்குக் கட்டணமில்லை. மது விற்கும் பப் என்றால் மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். திருட்டோ தாக்குதலோ நேர்ந்தால் கார்டா எனப்படும் காவல்துறையிடம் சொல்லுங்கள். குற்றத்துக்கு ஆளான சுற்றுலாப் பயணிகளுக்கு இலவசமாக உதவ ஐரிஷ் சுற்றுலாப் பயணி உதவிச் சேவை என்ற அமைப்பும் இருக்கிறது.

அவசரத்துக்கு 112 அல்லது 999, இரண்டும் இலவசம். கடலிலோ பாறை விளிம்பிலோ யாராவது சிக்கினால், பின்னாலேயே குதிக்காமல், அந்த எண்ணில் கோஸ்ட் கார்ட் வேண்டும் என்று கேளுங்கள்.