கிணற்றின் அடியில் கடல்

விதைநெல் தெரிவு செய்வோர் வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்து, ஒரு முட்டையைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். நல்ல தண்ணீரில் அடியில் கிடக்கும் முட்டை, உப்புக் கூடக்கூட மேலெழும். அது மிதந்ததும் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும். முற்றிய மணிகள் தாழும். உப்புக் கரைந்த நீர் பாரமானது என்பதே காரணம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஒரு லீற்றர் நன்னீரைவிட அதன் நிறை 25 கிராம் அளவில் கூட.

25 கிராம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் வங்காள விரிகுடாவின் குணத்தையே அது மாற்றிவிடுகிறது. கங்கையும் பிரமபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் நன்னீர் கடலோடு உடனே கலந்துவிடாமல், மேலே ஒரு படையாகப் பரந்து நிற்கிறது. கீழேயுள்ள குளிர்ந்த, பாரமான நீரைக் காற்றினால் இலகுவில் கிளப்ப முடிவதில்லை. அதனால் மேற்பரப்பு சூடாகவே இருக்கும். 1964இலும் 1978இலும் எமது கரைகளைத் தாக்கியவை போன்ற புயல்களுக்கு அந்தச் சூடே தீனி.

இதே காரியம் எமது காலடியிலும் நடக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் இறங்கி, அடியில் ஊறி நிற்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. நாம் அள்ளுவது இந்த மிதக்கும் நீரையே. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனால்தான். கிழக்குக் கரையோர மணல் நிலங்களிலும் இதே நிலை.

கணக்கு இதுதான். 40 அடி உயரக் கடல்நீரின் நிறை, 41 அடி நன்னீரின் நிறைக்குச் சமம். ஆகவே நிலத்தடி நீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கீழே 40 அடி வரை நன்னீர் நிற்கும். நீர்மட்டம் ஒரு அடி இறங்கி அப்படியே நின்றாலோ, உப்புநீர் காலப்போக்கில் 40 அடி எழும்பும். இரண்டுக்கும் இடையே சவர்ப் படை ஒன்று இருப்பதால், சவர் அதற்கு முன்னரே தலைகாட்டிவிடும்.

துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவல். இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஒரே மூச்சில் இறைக்கும்போது, கிணற்றுக்கு நேர்கீழே உப்புநீர் கூம்புபோல மேலே இழுபடும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்கில் உப்பேறிய கிணறுகளைத் துப்புரவாக்கவெனப் பலமுறை இறைத்தார்கள். சேறு போனது, உப்புப் போகவில்லை. பின்னர் பெய்த மாரி மழைதான் அதைக் கழுவியது.

கடலுக்கு அண்மையில் புதிதாகக் கிணறு வெட்டும் குடும்பங்கள் ஆழத்துக்கு ஆசைப்பட வேண்டாம். “இன்னும் நாலு முழம் வெட்டினால் நல்ல தண்ணீர்” என்பது உள்நாட்டுப் பேச்சு. கரையில் அது உப்பைத் தேடிப் போவதாகும். அகலமாக, ஆழம் குறைத்து வெட்டுங்கள். அயல் கிணறுகளின் தண்ணீரைக் கோடை முடிவில் ருசி பாருங்கள், மாரியில் எல்லாம் இனிக்கும். இறைப்பைக் காலை, மாலை எனப் பிரித்து, இடையில் ஊற்று ஏறவிடுங்கள். அயலவரோடு முறை வைத்து இறைப்பது இன்னும் நல்லது. எல்லாரும் அள்ளுவது ஒரே நீரைத்தான். வெங்காயத் தாளின் நுனி கருகத் தொடங்கினால் சவர் ஏறுகிறதா என்று உடனே பாருங்கள். மாரிக்கு முன் வரம்பை உயர்த்தி, கேணியைத் தூர் எடுத்துவிட்டால், காணியில் விழும் மழை கடலுக்கு ஓடாமல் நிலத்தில் இறங்கும்.