திரும்பத் திரும்ப அவதூறு பேசினால் நஷ்டஈடு கேட்கலாம்... ஒரு வருடம் தாண்டினால் சிக்கல்!

புதுச்சேரி:-

"அவ நடத்தை சரியில்லையாம்...", "அவன் கை சுத்தமில்லையாம்..." என்று இல்லாததை சொல்லித் திரிபவர்கள் எந்த ஊரிலும் உண்டு. புதுவை மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை போல பலரும் ஷிப்டு வேலை பார்க்கும் இடத்தில் கம்பெனி கேட்டில் கிளம்பும் பொய், டீக்கடை வழியாக வீட்டு வாசல் வரை வந்துவிடும். வேலை போகும், வரன் தட்டிப்போகும், தூக்கமும் போகும்.

போலீசுக்கு போனால், "இது கோர்ட்டு விவகாரம், அங்க போங்க" என்பார்கள். அதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த பதில் பாதிதான் சரி.

போலீசா, கோர்ட்டா?

அவதூறு குற்றத்துக்கு போலீசார் நேரடியாக வழக்கு போட முடியாது. பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவுப்படி 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை தண்டனையாக கிடைக்கும்.

ஆனால் ஒரு பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தில் பேசினால் கதையே வேறு. அதற்கு 79-வது பிரிவு இருக்கிறது. 3 ஆண்டு வரை ஜெயில். இதில் போலீசாரே வழக்கு போடலாம்.

பணமாக நஷ்டஈடு வேண்டும் என்றால் சிவில் கோர்ட்டுதான். "இனிமேல் பேசக்கூடாது" என்று தடை உத்தரவும் அங்கேயே கேட்கலாம்.

1884-லேயே தீர்ப்பு

"வாயால் பேசியதற்கு என்ன நஷ்டம்?" என்று எதிராளி கேட்பார். இதற்கு சென்னை ஐகோர்ட்டு 1884-லேயே பதில் சொல்லிவிட்டது. பார்வதி என்ற பெண்ணை, "அவ தாலி கட்டிய பொண்டாட்டியே இல்ல, நடத்தை கெட்டதால பல ஊர்ல விரட்டப்பட்டவ" என்ற பொருளில் ஒருவர் பேசினார். பண நஷ்டத்தை நிரூபிக்காவிட்டாலும் வழக்கு செல்லும் என்றது கோர்ட்டு. இங்கிலாந்திலேயே பெண்களுக்கு இதற்கான சட்டம் 1891-ல்தான் வந்தது. அப்போது புதுவை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. இப்போது புதுவைக்கும் சென்னை ஐகோர்ட்டுதான்.

மன உளைச்சலுக்கு பணம் உண்டா?

லண்டனில் ஒருவர் விளையாட்டாக, "உன் புருஷனுக்கு ரெண்டு காலும் உடைஞ்சு கிடக்கு" என்று ஒரு பெண்ணிடம் பொய் சொன்னார். அதிர்ச்சியில் அவர் நோயாளி ஆனார். 1897-ல் அவருக்கு 100 பவுண்டு கிடைத்தது. வேண்டுமென்றே மனதை நோகடித்தால் நஷ்டஈடு என்பதற்கு இதுதான் ஆரம்பம். நம் நாட்டில் இதற்கு தனிச் சட்டம் இல்லை. ஆனால் மானநஷ்ட வழக்கில் மன வேதனையையும் சேர்த்தே கோர்ட்டு கணக்கு பார்க்கும். டாக்டர் சீட்டு, மருந்து ரசீதை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

தேதி முக்கியம்

நஷ்டஈடு வழக்குக்கு கெடு ஒரே வருடம். எழுதியதாக இருந்தால் வெளியான நாள், பேச்சாக இருந்தால் பேசிய நாளில் இருந்து கணக்கு. திரும்பவும் பேசினால் அந்த பேச்சுக்கு தனிக் கணக்கு. குற்றப் புகாருக்கு 3 வருடம் வரை நேரம் உண்டு.

எனவே யார், எங்கே, எந்த தேதியில், என்ன வார்த்தை சொன்னார், யார் கேட்டார் என்று குறித்து வைக்க வேண்டும். மூன்றாவது ஆள் காதில் விழாமல் தனியாக திட்டியது மானநஷ்ட வழக்கில் நிற்காது. வாட்ஸ்அப் ஆடியோ இருந்தால் போனில் இருந்து அழிக்கவே கூடாது. அதை கோர்ட்டில் கொடுக்கும்போது சாட்சிய சட்டம் 63-வது பிரிவு சான்றிதழும் வேண்டும்.

வீம்புக்கு போடக்கூடாது

சொன்னது உண்மை என்று எதிராளி நிரூபித்துவிட்டால் நஷ்டஈடு கிடையாது. நல்லெண்ணத்தோடு அதிகாரியிடம் கொடுத்த புகாரும் அவதூறு ஆகாது. திரிஷா, குஷ்பு, சிரஞ்சீவி மீது தலா ரூ.1 கோடி கேட்டு வழக்கு தொடர நடிகர் மன்சூர் அலிகான் அனுமதி கேட்டார். 2023 டிசம்பரில் ஐகோர்ட்டு அதை தள்ளுபடி செய்து, அவருக்கே ரூ.1 லட்சம் போட்டது.

வக்கீல் செலவுக்கு பயந்து பேசாமல் இருக்க வேண்டியதில்லை. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலை தொழிலாளர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர சட்டம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு இலவசமாக போன் செய்து விவரம் கேட்கலாம்.