ஆபரேஷனுக்கு முன் போடும் அந்தக் கையெழுத்து!

'இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கடைசி பக்கத்துல ஒண்ணு...' ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நர்ஸ் நீட்டும் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள் எத்தனை பேர்? படிக்க நினைத்தாலும் பல இடங்களில் அது ஆங்கிலத்தில் இருக்கும்.

1995-ல் டெல்லியில் திருமணமாகாத 44 வயதுப் பெண் ஒருவர், விடாத ரத்தப்போக்குக்காக டாக்டரிடம் போனார். லேப்ராஸ்கோப்பி செய்யவும், தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து பார்க்கவும் சம்மதித்துக் கையெழுத்திட்டார். கர்ப்பப்பையை அகற்றுவது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஆனால், அவர் மயக்கத்தில் இருந்தபோதே, வெளியே காத்திருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. நோயாளி வயதுவந்தவர், உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை, மயக்கம் தெளிந்ததும் அவரையே கேட்டிருக்கலாம். ஆகவே அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். டாக்டர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு 25,000 ரூபாய் இழப்பீடு விதித்தது. தொகை சிறியதுதான். ஆனால் பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதம் ஆகாது என்பது அன்றே உறுதியானது. என்ன சிகிச்சை, ஏன், வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, செய்யாமல் விட்டால் என்ன ஆகும்... இதையெல்லாம் நோயாளிக்கு முதலிலேயே சொல்லியாக வேண்டும்.

'தேவையான எந்தச் சிகிச்சையும் செய்யலாம்' என்று பொத்தாம்பொதுவாக அச்சடித்த வரியில் இதில் எதுவுமே இல்லை. ஆபரேஷனின் பெயர், எந்தப் பக்கம், விளக்கிய டாக்டர் யார், தேதி, நேரம் எல்லாம் கையால் எழுதப்பட்டிருக்க வேண்டும். நோயாளிக்குத் தெரிந்த மொழியில் இருந்தால்தான் அது அவருடைய சம்மதம். ஸ்ட்ரெச்சரில் படுத்தபின் நீட்டுவதைவிட, முந்தைய நாளே வார்டில் கொடுத்துவிடலாம். 'என்ன ஆபரேஷன்னு நீங்க ஒருமுறை சொல்லுங்கம்மா' என்று டாக்டர் கேட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது. அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது!

காலியிடம் நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். நிரப்பித் தரச் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்த பிறகும் மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கலாம். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதிமுறைகள்.